துய்த்தற் சந்தி: தொலைக்காட்சித் தொடர் நாடகங்களின் அண்மைப் பருவங்கள்

இயல், இசை, நாடகம் என முத்திறப்பட்ட தமிழுள் நாடகத் தமிழுக்கு இலக்கணங் கூறிய பழைய நூல்கள் பெரும்பாலும் இறந்துபட்டன. எனினும், சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் அந்நூற் கருத்துக்கள் சிலவற்றைத் தம் உரையிலே பேணி வைத்தார். அவற்றுள் ஒன்று நாடகக் கதை நடக்கும் முறையைப் பற்றியது. கதையானது முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்து சந்திகளாய் நடைபெறும் என்பதும், அவ்வைந்தும் உழவுத் தொழிலோடு ஒப்பவைத்து அறியத்தக்கன என்பதும் அதன் சாரம். பண்படுத்திய நிலத்தில் இட்ட வித்து முளைத்தல் முகம். முளை இலைவிட்டு நாற்றாதல் பிரதிமுகம். நாற்று வளர்ந்து கருக்கொண்டு நிற்றல் கருப்பம். கதிர் விரிந்து முற்றித் தாழ்தல் விளைவு. விளைந்ததை அறுத்துப் போரிட்டுக் கடாவிட்டுத் தூற்றி உண்டு மகிழ்தல் துய்த்தல். விபுலாநந்த அடிகளார் 1926ஆம் ஆண்டிலே வெளிவந்த மதங்கசூளாமணியில் இவ்விலக்கணத்தைச் செகசிற்பியாரின் நாடகங்களுக்குப் பொருத்திக் காட்டினார். நம் பழைய அளவுகோல் பிறமொழி நாடகத்தையும் அளக்க வல்லது என்பதை அவர் அன்றே நிறுவினார்.

அவ்வளவுகோலை இக்காலத்து ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர் நாடகங்கள் சிலவற்றுக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ‘தொலைக்காட்சி நாடகமும் ஆராய்ச்சிக்குரிய பொருளோ?’ எனச் சிலர் வினவக்கூடும். நம் மாணாக்கர் பலர் இவற்றை விரும்பிக் காண்கின்றனர். கதை என்பது யாது, செயலுக்கும் பயனுக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் எண்ணங்களை அவர்கள் பெறும் இடங்களுள் இதுவும் ஒன்றாயிற்று. ஆசிரியர் கண்மூடியிருப்பதனால் மாணாக்கர் காணாதொழியார். ஆதலின், காண்பவற்றைத் தெரிந்து காணும் முறையை அவர்க்குக் காட்டுதலே தக்கது.

ஆங்கிலத்திற் சீசன் என வழங்குவதை ஈண்டுப் பருவம் என்போம். ஏறக்குறைய எட்டு அல்லது பத்து அங்கங்கள் சேர்ந்தது ஒரு பருவம். பருவங்கள் பல சேர்ந்தது ஒரு தொடர். பருவம் என்ற சொல் உழவர்க்கும் உரியது. நம் நாட்டு வயல்களிலே காலபோகம், சிறுபோகம் என இரு போகங்கள் உள. ஒரு போகத்தில் விதைத்ததை அப்போகத்திலேயே அறுப்பர். ‘இம்முறை கதிர் முற்றும்வரை காட்டினோம், அறுவடையை அடுத்த முறை பார்த்துக்கொள்வோம்’ என்று கூறும் உழவன் ஒருவனும் இலன். தொடர் நாடகத்துக்கோ இருவகை அறுவடை உண்டு. ஒவ்வொரு பருவமும் தான் எழுப்பிய வினாவுக்குத் தானே விடை தருதல் ஒன்று. தொடர் முழுவதும் தன் முதல் வித்தின் பயனை இறுதியில் தருதல் மற்றொன்று. முன்னையதைச் சிறுதுய்த்தல் என்றும், பின்னையதைப் பெருந்துய்த்தல் என்றும் கூறலாம். அண்மைக்காலத் தொடர்களுட் பல முதல் நான்கு சந்திகளிலும் வல்லனவாயிருந்தும் ஐந்தாவதிலே தளர்கின்றன என்பதும், ஒரு தொடரின் உண்மையான தகுதியை அவ்வைந்தாம் சந்தியே காட்டும் என்பதும் என் துணிபு.

முதலில் ஓர் எதிர்மறைச் சான்றைக் காண்போம். ‘கேம் ஒவ் த்ரோன்ஸ்’ என்னும் தொடர் 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களாய், 73 அங்கங்களில் வெளிவந்தது. முதல் ஆறு பருவங்களும் பப்பத்து அங்கங்கள் கொண்டன. 2017இல் வந்த ஏழாம் பருவம் ஏழு அங்கங்களாகவும், 2019இல் வந்த எட்டாம் பருவம் ஆறு அங்கங்களாகவும் சுருங்கின. ஜோர்ஜ் மார்ட்டின் எழுதிய மூலநாவல் வரிசையின் ஐந்தாம் நூல் 2011இல் வெளிவந்தது. அதன் அடுத்த நூல் வருமுன்னரே தொடர் நாவலைக் கடந்து சென்றமையால், முடிவினைத் தொடராக்கியோரே அமைக்கவேண்டியதாயிற்று. இறுதிக்கு முந்திய அங்கத்திலே டெனேறிஸ் என்னும் அரசி, சரணடைந்த நகரத்தைத் தன் பறவைநாகத்தின் தீயாற் சுட்டெரிக்கின்றாள். இப்பருவத்தை மீண்டும் படைக்கவேண்டுமென்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பம் ஒன்றிலே ஒப்பமிட்டனர்.

அரசியின் செயல் அவள் இயல்புக்கு மாறானது என்பது பலர் கூறிய குறை. நான் அவ்வாறு கருதவில்லை. வென்ற நகரொன்றின் அடிமைச் சொந்தக்காரரைச் சிலுவையில் அறைவித்தவள் அவள். பணிய மறுத்த தந்தையையும் மகனையும் தீக்கு இரையாக்கியவளும் அவளே. வித்தும் முளையும் நாற்றும் முன்னைய பருவங்களிலே கண்கூடாய் இருந்தன. இல்லாது போனது கதிர் முற்றுதற்கு வேண்டிய காலமே. மதுரையை எரித்த கண்ணகியை ஒருகால் நினைந்து பார்க்க. கோவலன் கொலை, ஒற்றைச் சிலம்புடன் வீதியில் நின்ற துயர், அரசவையில் வழக்குரைத்தல், சிலம்பு உடைந்து உண்மை வெளிப்படல், அரசன் வீழ்தல் ஆகிய படிகள் யாவற்றையும் கடந்த பின்னரே இளங்கோவடிகள் அந்நகரைத் தீக்கு அளிக்கின்றார். அன்றியும், அவர் அத்தீயோடு காப்பியத்தை முடித்துவிடவில்லை. வஞ்சிக்காண்டம் என்னும் ஒரு காண்டம் முழுவதையும் அச்செயலின் பயனைத் துய்த்தற்கு ஒதுக்கினார். தொலைக்காட்சித் தொடரோ நகரம் எரிந்த பின் ஒரே அங்கத்தில் யாவற்றையும் முடித்துத் திரையை இழுத்துவிட்டது. ஒப்பமிட்டோர் முடிவை வெறுத்தனர் என்பதிலும், விளையாத கதிரை அறுத்தமையை வெறுத்தனர் என்பதே பொருந்தும்.

இக்குறையிலிருந்து அதன் கிளைத்தொடர் பாடங் கற்றதா? ‘ஹவுஸ் ஒவ் த ட்ராகன்’ என்பது அவ்வுலகத்தின் முற்கால வரலாறு. இறந்த அரசனின் மகள் றெனேறாவுக்கும், இரண்டாம் மனைவியாகிய அலிசென்ற் பெற்ற மகன் ஏகனுக்கும் இடையே எழுந்த அரியணைப் போரே அதன் பொருள். 2022இல் வந்த முதற்பருவம் பத்து அங்கங்கள் கொண்டு, றெனேறாவின் மகன் ஒருவன் வானிலே கொல்லப்படுவதோடு முடிந்தது. அது நல்ல சிறுதுய்த்தல். பருவம் முழுவதும் சொல்லாலும் சூழ்ச்சியாலும் நடந்த பகை அந்த ஒரு கொலையினால் மீளமுடியாத போராயிற்று. 2024ஆம் ஆண்டு யூன் முதல் ஓகஸ்ட் வரை வந்த இரண்டாம் பருவமோ எட்டு அங்கங்களே கொண்டது. அதன் நான்காம் அங்கத்துப் போர்க்காட்சி மிகச் சிறந்தது. பறவைநாகங்கள் பொருதும்போது கீழே நிற்கும் காலாட்கள் எறும்புகள்போல் நசுங்குவதைக் காட்டியதனால், அரசகுலச் சினத்தின் விலையை யார் கொடுக்கின்றனர் என்பது சொல்லாமலே விளங்கிற்று.

ஆயின் அதன் பின் வந்த நான்கு அங்கங்களும் ஆயத்தமாகவே கழிந்தன. இறுதி அங்கத்தில் அலிசென்ற் தன் பழைய தோழியும் இன்றைய பகைவியுமான றெனேறாவை மறைவாக வந்து கண்டு, நகரத்தை ஒப்படைக்கவும், அதன் விலையாக மகனின் உயிரை விட்டுக்கொடுக்கவும் உடன்படுகின்றாள். தாய் ஒருத்தி அத்தகைய சொல்லைச் சொல்ல நேர்தல் எத்துணைப் பெரிய நாடகப்பொருள்! அச்சொல்லின் விளைவைக் காணக் காத்திருந்த நமக்குக் காட்டப்பட்டவை படைகள் நடப்பதும், கப்பல்கள் செல்வதும், பறவைநாகங்கள் எழுவதுமே. அவ்வளவில் பருவம் முடிந்தது. அடுத்த ஆண்டாகிய 2025இலும் புதுப்பருவம் வரவில்லை. முன்னைத் தொடருக்கு மூலநூல் முற்றுப்பெறவில்லை என்னும் காரணமாவது இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. 2018இல் வெளிவந்த ‘பயர் அன்ட் பிளட்’ என்னும் நூலிலே இப்போரின் கதை முடிவுவரை கூறப்பட்டுள்ளது. பாதை தெரிந்திருந்தும் பாதிவழியில் வண்டியை நிறுத்தினர். முன்னைய தொடரின் பிழை விளையுமுன் அறுத்தது. இதன் பிழை அறுக்காமல் நிறுத்தியது. இரண்டாலும் காண்பவர் பசி தீரவில்லை.

‘ஒரு பருவத்தின் இறுதியில் யாவற்றையும் முடித்துவிட்டால் அடுத்த பருவத்தை யார் காண்பர்?’ என்று ஒரு தடை நிகழலாம். இதற்கு விடையாக ‘செவெரன்ஸ்’ என்னும் தொடரைக் காட்டுவேன். டான் எரிக்சன் படைத்த இத்தொடரின் முதற்பருவம் 2022இல் ஒன்பது அங்கங்களாகவும், இரண்டாம் பருவம் 2025ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச்சு வரை பத்து அங்கங்களாகவும் வந்தன. ஒரு நிறுவனம் தன் ஊழியர் சிலரின் மூளையிலே கருவியொன்றைப் பொருத்துகின்றது. அதனால் அலுவலகத்துள் நுழைந்தவுடன் வெளியுலக நினைவு முழுவதும் அற்றுப்போகின்றது. வெளியே வந்தவுடன் உள்ளே செய்தவை மறந்துபோகின்றன. ஓருடலில் ஈருயிர் என்னும்படி, அகத்தான் ஒருவனும் புறத்தான் ஒருவனும் மார்க் என்னும் ஒரே மனிதனுள் வாழ்கின்றனர். மனைவி கெமா இறந்தாள் என்ற துயரத்தை மறக்கவே புறத்தான் இதற்கு உடன்பட்டான். அவள் உயிரோடு அதே நிறுவனத்தில் இருக்கின்றாள் என்பதை அகத்தான் அறிந்து கூவுவதோடு முதற்பருவம் முடிகின்றது.

இரண்டாம் பருவத்தின் இறுதியிலே இருவரும் படப்பதிவுக் கருவியொன்றின் வாயிலாக ஒருவரோடொருவர் உரையாடுகின்றனர். மனைவியை மீட்டுத் தரும்படி புறத்தான் வேண்டுகின்றான். அவளை மீட்டால், உள்ளே தான் பெற்ற குறுகிய வாழ்வும், ஹெலி என்பாள்மேல் தான் கொண்ட காதலும் அழியுமே என அகத்தான் அஞ்சுகின்றான். ஈற்றில் அவன் கெமாவை வாயில்வரை கொண்டுசென்று வெளியே விடுகின்றான்; தான் மட்டும் திரும்பி ஹெலியிடம் ஓடுகின்றான். கதவின் அப்புறத்தே நின்று கெமா கதறுகின்றாள். கெமா மீட்கப்படுவாளா என்னும் வினா இங்கே முற்றாக விடைபெற்றது. அவ்விடையிலிருந்தே, பிறருக்காகப் படைக்கப்பட்ட உயிருக்குத் தன் வாழ்வின்மேல் உரிமை உண்டோ என்னும் புதிய வினா முளைக்கின்றது. அறுத்த நெல்லின் ஒரு பகுதியே அடுத்த போகத்துக்கு விதைநெல்லாவது போன்றது இது. இப்பருவத்திலும் குறை இல்லாமலில்லை. நடுப்பகுதியில் இரண்டு அங்கங்கள் கதையின் ஓட்டத்தைத் தடுத்து நின்றன. இரு பருவங்களுக்கும் இடையே ஏறக்குறைய மூன்றாண்டு கழிந்தமை நினைவுக்குப் பெருஞ்சுமை. எனினும் பசித்தவனை வெறுங்கையோடு அனுப்பாத பருவம் இது.

இனிப் பெருந்துய்த்தலுக்கு வருவோம். ஜெஸி ஆம்ஸ்ட்ரோங் படைத்த ‘சக்செஷன்’ 2018 முதல் 2023 வரை நான்கு பருவங்களாய், 39 அங்கங்களில் நடந்தது. லோகன் றோய் என்னும் ஊடகப் பெருஞ்செல்வனுக்குப் பின் அவன் நிறுவனம் யாருக்கு என்பதே அதன் வித்து. நான்காம் பருவமே இறுதி என்பது அப்பருவம் ஒளிபரப்பாகுமுன்னரே அறிவிக்கப்பட்டது. அறுவடை நாளைக் குறித்துக்கொண்டு வயலில் இறங்கினர் என்க. அப்பருவத்தின் மூன்றாம் அங்கத்திலேயே லோகன் இறந்துபடுகின்றான். அவ்விறப்பு நம் கண்முன் நிகழவில்லை. மூத்த மகனின் திருமணத்துக்காகப் பிள்ளைகள் கப்பலில் இருக்க, தந்தை வானூர்தியில் வீழ்கின்றான்; கேட்கின்றானோ இல்லையோ என்று தெரியாத காதுக்குப் பிள்ளைகள் தொலைபேசி வாயிலாகத் தம் இறுதிச் சொற்களைச் சொல்கின்றனர். தந்தையின் அன்பை விலைபேசிப் பெறமுயன்ற பிள்ளைகளுக்கு மறுமொழியே கிடையாத பேச்சு வாய்த்தது. இதனினும் தக்க விளைவு வேறில்லை.

இறுதி அங்கத்தில் நிறுவனத்தை விற்பதா என்பதற்குப் பணிப்பாளர் சபை வாக்கெடுக்கின்றது. தங்கை ஷிவ் ஆதரித்தால் கென்டல் அரியணை ஏறுவான். அவளோ, முன்பொருநாள் ஒரு பணியாளனின் இறப்புக்கு அவன் காரணமாயிருந்ததை நினைவூட்டுகின்றாள். முதற்பருவ இறுதியிலே நீரில் மூழ்கி இறந்த இளைஞன் அவன். மூன்றாம் பருவ முடிவில் அதனை உடன்பிறந்தாரிடம் அழுது ஒப்புக்கொண்ட கென்டல், இப்பொழுது பதவிக்காக அது நடக்கவே இல்லை என்கின்றான். ஏழுக்கு ஆறு என்னும் வாக்கினால் நிறுவனம் அயலவனுக்கு விற்கப்படுகின்றது. கென்டல் நீர்க்கரையிலே வெறுமையாய் அமர்ந்திருப்பதோடு திரை விழுகின்றது. 2018இல் விதைத்தது 2023இல் அறுக்கப்பட்டது. அதுவும் நீரிலே தொடங்கியது நீரருகே முடிந்தது. இடைப்பருவங்களில் மகன் எழுவதும் வீழ்வதுமாகிய ஒரே நிகழ்ச்சி மீளமீள வந்தமை சலிப்பைத் தந்தது உண்மை. எனினும், பதரைத் தூற்றி மணியைப் பிரித்தெடுக்கும் கடைசித் தொழிலை இத்தொடர் குறைவறச் செய்தது.

யான் மிக உயர்வாக மதிப்பது ‘பெற்றர் கால் சோல்’ என்னும் தொடரின் ஆறாம் பருவத்தையே. 2015இல் தொடங்கி 2022 ஓகஸ்ட்டில் முடிந்த இத்தொடர் 63 அங்கங்கள் கொண்டது. ‘பிறேக்கிங் பாட்’ என்னும் முன்னைய தொடரில் வந்த சோல் குட்மன் என்னும் வழக்கறிஞன், ஜிம்மி மக்கில் என்னும் பெயரோடு வாழ்ந்த காலந்தொட்டு அவன் வரலாறு கூறப்படுகின்றது. அவன் பின்னாளில் என்ன ஆவான் என்பது காண்போருக்கு முன்பே தெரியும். ஆகவே, புதுமையைக் காட்டி ஈர்க்கும் வழி இதற்கு அடைபட்டிருந்தது. நம்மூர்க் கோயில்களிலே கந்தபுராணப் படிப்புக்கு வந்திருப்போர் சூரபன்மன் வெல்லப்படுவான் என்பதை அறிந்தே வருகின்றனர். அறிந்ததையே கேட்டும் அவர்கள் நிறைவுபெறுவதற்குக் காரணம், துய்த்தல் என்பது வியப்பன்று, செயலின் பயன் என்பதே. இத்தொடரின் வன்மையும் அவ்வகைத்தே.

ஆறாம் பருவத்தின் முற்பகுதியில் ஜிம்மியும் மனைவி கிம்மும் ஹவாட் என்னும் வழக்கறிஞனை விளையாட்டுப்போல் அவமானத்துக்கு ஆளாக்குகின்றனர். நியாயங் கேட்க அவர்கள் வீட்டுக்கு வந்த ஹவாட், அவ்வேளை அங்கு நுழைந்த கொலைஞனாற் சுடப்பட்டு இறக்கின்றான். கிம் தன் தொழிலையும் கணவனையும் துறந்து செல்கின்றாள். ஆண்டுகள் பல கழிந்தபின், ஒளிந்து வாழ்ந்த சோல் பிடிபடுகின்றான். அப்பொழுதும் அவன் நாவன்மை குன்றவில்லை. ஆயுட்காலச் சிறைக்குரிய குற்றத்தை ஏழரை ஆண்டுத் தண்டனையாகப் பேசிக் குறைத்துவிடுகின்றான். கிம் ஹவாட்டைப் பற்றிய உண்மையை எழுதிக் கையளித்துவிட்டாள் என்பது அவன் காதுக்கு எட்டுகின்றது. அவளும் வந்திருந்த நீதிமன்றத்திலே, தன் குற்றங்கள் யாவற்றையும், தமையன் சக்குக்குத் தான் இழைத்த தீங்கையுங்கூட, வாய்விட்டு ஒப்புக்கொள்கின்றான். தன்னைச் சோல் என்றழையாது மக்கில் என்றழைக்கவேண்டுமென்கின்றான். ஏழரை ஆண்டு எண்பத்தாறு ஆண்டாயிற்று.

இம்முடிவின் சிறப்பு யாது? எவரும் அவனைத் தண்டிக்க வலியரல்லர். சட்டத்தை அவன் வென்றுவிட்டான். வென்ற பின் அப்பயனைத் தானே ஏற்றான். ஐந்தாம் சந்தியிலே நாம் எதிர்பார்ப்பது தண்டனையன்று, தன்னை அறிதல் என்பதை இஃது உணர்த்துகின்றது. பிற்காலக் கதை முழுவதும் கறுப்பு வெள்ளையிலே காட்டப்படுகின்றது. சிறையிலே கிம்மும் அவனும் ஒரு சுருட்டைப் பகிரும்போது அந்நெருப்பு மட்டும் நிறம்பெற்று ஒளிர்கின்றது. அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டியிராது.

வணிகத்தின் நெருக்கடியை நான் அறியாதவனல்லன். அடுத்த பருவத்துக்குப் பொருள் கிடைக்குமோ என்று தெரியாத நிலையிலே படைப்போர், காண்போரை நிலைநிறுத்தக் கயிற்றில் தொங்கவிடுகின்றனர். ஆயினும் இந்நெருக்கடி புதியதன்று. டிக்கின்ஸ் தம் நாவல்களை மாதந்தோறும் பகுதிபகுதியாக வெளியிட்டார். கல்கி பொன்னியின் செல்வனை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதினார். அவர்களும் அடுத்த பகுதிக்கு வாசகர் ஏங்கும்படியே எழுதினர். ஆயின் அவ்வேக்கத்தைக் கடனாகக் கொண்டு அதனைத் திருப்பிக் கொடுத்தனர். கடன் வாங்குவது குற்றமன்று, கொடாதொழிவதே குற்றம். எழுபது அங்கங்களைக் காண்பவர் தம் வாழ்நாளின் எத்தனையோ இரவுகளைப் படைப்போனை நம்பி ஒப்படைக்கின்றனர். செயலுக்குப் பயன் உண்டு என்னும் நம்பிக்கையையும் உடன் ஒப்படைக்கின்றனர். அதனைக் காட்டாது விடும் கதை, இளையோர்க்கு எச்செயலும் எவ்விளைவுமின்றிக் கழிந்துபோகலாம் என்னும் பொய்யைக் கற்பித்துவிடும். இதனாலேயே இஃது ஆசிரியர்க்கும் உரிய கவலையாகின்றது.

ஆதலின், ஒரு பருவத்தைக் கண்டு முடித்த மாணாக்கர் தம்மைத் தாமே மூன்று வினாக்கள் கேட்பாராக. இப்பருவம் தொடங்கும்போது எழுப்பிய வினாவுக்கு விடை தந்ததா? அவ்விடை முன்விதைத்த வித்திலிருந்து முளைத்ததா, வெளியிலிருந்து கொணர்ந்து நடப்பட்டதா? கதைமாந்தர் தம் செயலின் பயனைத் தாமே உணர்ந்தனரா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமாயின், அது தொலைக்காட்சியில் வந்ததாயினும் நாடகமே. வராதாயின், எத்துணைப் பொருள் செலவிட்டு எத்துணைப் பறவைநாகங்களைப் பறக்கவிட்டாலும், அது பச்சை வயலைக் காட்டிப் பசியாற்ற முயல்வதேயாகும்.